ஒருபக்கக் குரல்

அந்த ஒரு நம்பரை பிளாக் செய்தால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம் என்று ரோஸி முதலிலேயே சொல்லிவிட்டாள்.

போன் சிஸ்டம் கம்பெனியிலிருந்து வந்திருந்த குணசேகர் தலையை ஆட்டினான். ஆனால் லேப்டாப்பைத் திறந்து வேறு எதையோ தேட ஆரம்பித்தான்.

அதுவே ரோஸிக்குப் பிடிக்கவில்லை.

விவேக் நகரில் மெழுகுவத்திக் கடைக்கு மேலே, போர்டு மாட்டாத மாடி அது. புருஷனிடம் அடிபடும் பெண்கள் போன் செய்து உதவி கேட்கும் இடம். ஆண்களை அநேகமாக உள்ளே விடுவதில்லை. குணசேகரின் அடையாள அட்டையைப் போட்டோ பிடித்து, அவன் கம்பெனிக்குத் தன் மொபைலிலிருந்து பேசி விசாரித்த பிறகுதான் கதவைத் திறந்தாள்.

பழைய இணைப்பை எடுத்துவிட்டு, இன்டர்நெட் வழியாகப் பேசும் இந்தப் புது சிஸ்டத்தைப் போட்டதிலிருந்துதான் தொல்லை.

மதியச் சாப்பாட்டு வேளை கழிந்ததும் ஒரு லேண்ட்லைனிலிருந்து கால் வரும். எடுத்தால் பேச்சில்லை. மூச்சுச் சத்தம்கூட இல்லை. ஆனால் வைக்கவும் மாட்டார்கள்.

யார் என்று ரோஸிக்குத் தெரியும்.

மஞ்சுநாத். கையில் மாவுக்கட்டோடு இவர்களிடம் வந்து சேர்ந்த ஷில்பாவின் புருஷன். ஷில்பா இப்போது ஒரு ஹாஸ்டலில் பத்திரமாக இருக்கிறாள். அவனோ வீடு வீடாக இன்டர்நெட் கேபிள் இழுக்கிறவன். எங்கேயாவது ஒரு லைனைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பெண்டாட்டியின் குரல் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. இங்கிருந்து எந்த நம்பருக்கும் தாங்களாகக் கூப்பிடக் கூடாது என்பது இந்த இடத்தை நடத்தும் டிரஸ்டின் கட்டுப்பாடு. எடுப்பது புருஷனாக இருந்துவிட்டால் அன்றைக்கு அந்த வீட்டில் அடி விழும்.

அதனால் ரோஸி திட்டினாள்.

பெண்டாட்டிமேல் கை நீட்டுகிறவனெல்லாம் ஒரு ஆம்பளையா, அவள் உனக்குப் பயந்த காலம் போய்விட்டது, இனி அவள்மேல் ஒரு விரல் பட்டால் உன்னைத் தெருவில் நிறுத்துகிறேன் பார். கன்னடத்தில் தொடங்குவாள். கோபம் ஏற ஏறத் தமிழுக்கு வந்துவிடுவாள். தினமும் இதே கூத்து.

குணசேகர் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தான். எந்த நம்பர், எப்போதிலிருந்து, வேறு யாராவது கூப்பிட்டபோதும் இப்படி ஆகியிருக்கிறதா. ஒவ்வொரு கேள்விக்கும் ரோஸியின் சந்தேகம் ஒரு படி ஏறியது. கேபிள்காரன், போன்காரன் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்தானே. மஞ்சுநாத் அனுப்பிய ஆளாக இருந்தால்? காபி போட எழுந்தால்கூட இவன் தனியாக இருப்பானே என்று அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அவன் கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டான். முகம் சரியில்லை.

மணி அடிப்பது ஒரு வழி, பேச்சு வருவது வேறு வழி என்று மெல்லச் சொன்னான். அந்த லேண்ட்லைன் கம்பெனியிலிருந்து வரும் பேச்சை மட்டும் இங்கே இருக்கும் ஃபயர்வால் என்கிற காவல் புரோகிராம் வாசலிலேயே தடுத்து நிறுத்தியிருக்கிறது. இங்கிருந்து போகும் பேச்சுக்குத் தடை எதுவும் இல்லை. ஆபீஸில் உட்கார்ந்தபடியே அந்த செட்டிங்ஸைப் போட்டவன் தான்தான் என்பதையும் சொன்னான்.

"அவங்க பேசிட்டுதான் இருந்திருக்காங்க மேடம். நமக்குத்தான் கேக்கல. நீங்க பேசினதெல்லாம் அங்க நல்லாவே கேட்டிருக்கும்."

ரோஸி நம்பவில்லை. நம்பரை பிளாக் செய்யாமல் இருக்க இது ஒரு சாக்காகவும் இருக்கலாம். சரி பண்ணிக் காட்டு, மஞ்சுநாத்தின் குரல் என் காதில் விழட்டும், அதையே போலீஸிடம் கொடுக்கிறேன் என்றாள்.

அவன் எதையோ மாற்றிவிட்டு, இனி கால் வந்தால்தான் தெரியும் என்றான். இருவரும் போனைப் பார்த்தபடி காத்திருந்தார்கள்.

போன் அடித்தது. அதே நம்பர்.

ரோஸி உதட்டில் விரலை வைத்து அவனைச் சும்மா இருக்கச் சொன்னாள். ரிசீவரை எடுத்தாள். இந்த முறை அவள் வாயைத் திறக்கவில்லை.

எங்கேயோ மின்விசிறி சுற்றும் சத்தம். ஒரு பாத்திரம் தரையில் உரசியது. பிறகு தயங்கித் தயங்கி ஒரு பெண் குரல், அக்கா, லைன்ல இருக்கீங்களா என்று கேட்டது.

கேக்குதும்மா என்றாள் ரோஸி. அந்தப் பக்கம் அழுகை.

குணசேகர் தானாகவே எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தப் பெண் மல்லேஸ்வரத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். புருஷன் மொபைலைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். அந்த வீட்டு அம்மா கண்ணயரும் நேரத்தில் அவர்கள் லேண்ட்லைனிலிருந்து கூப்பிடுகிறாள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். தான் சொல்வது ரோஸிக்குக் கேட்கவில்லை என்பதும் அன்றைக்கே புரிந்துவிட்டது.

அது தெரிந்த பிறகும் ஏன் தினமும் கூப்பிட்டாய் என்று ரோஸி கேட்டாள்.

"நீங்க அந்தாளத் திட்டுவீங்களே, அதக் கேக்கத்தாங்க்கா. எங்க வூட்டுக்காரர இதுவரைக்கும் ஒருத்தரும் திட்டனதில்ல."