வீடு முந்தியா, தெரு முந்தியா?

தையல்காரர் மிஷின் முன்னால் இருந்தார். மனைவி வாசற்படியில், மச்சான் ஜன்னலோரம். வீட்டின் ஒரே நாற்காலியில் நகராட்சி அதிகாரியம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"பழைய தெரு, உங்க வீட்டுகிட்ட மட்டும் ஏன் வளையுது? வீடு முந்தியா, தெரு முந்தியா?"

தையல்காரருக்குத் திக்கென்றது. வளைவில் வண்டிகள் முட்டிக்கொள்வதாக அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்திருந்தார்கள்.

மச்சான் அவர் காதைக் கடித்தான். "வீடுன்னு சொல்லிடாதீங்க, மாமா. தெருவை வளைச்ச பழி நம்ம தலையில விழும்."

"தெருதாங்க முந்தி. நாங்க நேத்து வந்தவங்க."

மனைவி மோவாயைத் தோளில் இடித்தாள். "எங்க பாட்டன் வீட்டுக்குத் தெருவே ஒதுங்கிப் போச்சுன்னு பீத்துவீங்களே?"

"அது சும்மா பெருமைக்குடி."

"நிச்சயமா?" என்றார் அதிகாரி.

"சத்தியமாங்க."

அதிகாரி அதை அப்படியே நகராட்சிக்கு ஒரு கடிதமாக எழுதி முடித்தார். "வீடு முந்தின்னா, அதைத் தொடக் கூடாதுன்னு எழுதத்தான் வந்தேன். தெரு முந்தின்னா, தெருவுல வீடு கட்டினது நீங்க. இடிச்சாகணும்."

"அம்மா, வீடுதாங்க முந்தி. பாட்டன் கட்டினப்போ இங்க வெறும் பொட்டல்."

"இடிக்கணும்னதும் பேச்சு மாறுது. இதை எப்படி நம்புறது?"

அதிகாரி கடிதத்தை உறையில் போட்டு ஒட்டி, முத்திரை குத்தி, வாசலில் நின்ற பியூனிடம் கொடுத்தனுப்பினார்.