ஆயுள் நாற்காலி

தேசிய அறிவியல் கழகத்தின் கூட்ட அறையில் யாரும் மூச்சு விடவில்லை. மூத்த வானியலாளரும் விடவில்லையோ என்பதுதான் கவலை. நீள்மேசையின் மேல் பிற்பகல் வெயில் சாய்ந்து கிடக்கிறது. அவர் தன் நாற்காலியில் தலை பின்னால் சரிய, வாய் திறந்தபடி அசையாமல் இருக்கிறார். கழகம் தொடங்கிய நாளிலிருந்து இங்கே நாற்காலிகளின் எண்ணிக்கை கூடியதே இல்லை. ஒருவர் கண்ணை மூடினால்தான் இன்னொருவர் உறுப்பினராகலாம். அந்த இன்னொருவரான வேதியியல்காரர், புதுக் கோட்டு கசங்காமல் வாசலில் நிற்கிறார், முகத்தில் துக்கத்தை வரவழைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு. தோளைத் தொட்டு எழுப்பினால் விஷயம் முடிந்தது. ஆனால் இவர்கள் விஞ்ஞானிகள். முதலில் கவனிக்க வேண்டும். "அவரோட டை ஆடுது சார்," என்கிறார் இயற்பியல்காரர். "அது ஃபேன் காத்து," என்று மறுக்கும் தாவரவியல் அம்மையார், தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வானியலாளரின் மூக்கருகே பிடிக்கிறார். லேசாக ஆவி படிகிறது. "ஒரு தடவை பாத்தா போதாது. இன்னொருத்தர் கண்ணாடியிலயும் பாருங்க," என்கிறார் தலைவர். மேசையைச் சுற்றி ஒவ்வொரு கண்ணாடியாகக் கழல்கிறது. பொறுக்கமாட்டாமல் வேதியியல்காரரும் உள்ளே வந்து தன்னுடையதை நீட்டுகிறார். வானியலாளர் ஒரு கண்ணை மட்டும் திறக்கிறார், தொலைநோக்கியில் பார்ப்பதுபோல. புதுக் கோட்டை மேலும் கீழும் அளக்கிறார். "பாவம், எவ்வளவு நேரமா நிக்கிறாரு? வெளியில ஒரு பெஞ்ச் போட்டு உட்காரச் சொல்லுங்க. இன்னும் நாளாகும்," என்று சொல்லிவிட்டு, அந்தக் கண்ணையும் மூடிக்கொள்கிறார்.