ஞாயிறு காலைப் பூட்டு

ஸ்வீடனின் கோதன்பர்க் நகரில் அந்த அடுக்குமாடி முழுவதற்கும் துவைக்கும் அறை ஒன்றுதான். முன்பதிவுப் பலகையில் ஒரு மூன்று மணி நேரக் கட்டத்தில் யார் முதலில் தங்கள் பூட்டை மாட்டுகிறார்களோ, அந்த நேரம் அறை அவர்களுடையது. ஏழு வாரமாக ஞாயிறு காலையில் நான்காம் மாடியின் பூட்டே தொங்கியதில் மாலினுக்கு ஒரே வயிற்றெரிச்சல்.

"அப்படி என்னதான் துவைக்கிறாளோ மகாராணி." முணுமுணுத்தபடி துணிக்கூடையோடு கீழே இறங்கினாள். கணவன் கென்னெத்துக்கு நாளைக்குச் சட்டை வேண்டும்.

தட்டியதும் ஒருத்தி கதவைத் திறந்தாள். உள்ளே இயந்திரம் ஓடவில்லை. தரையில் போர்வை விரித்திருந்தது.

"ஏம்மா, தூங்குறதுக்கா இந்த ரூமைப் பிடிச்சு வச்சிருக்கீங்க? மேல வீட்டுல கட்டில் இல்லையா?"

"அது என் அக்கா வீடுங்க. என்னைத் தங்க வைக்க அத்தானுக்கு இஷ்டமில்ல. அக்கா அவங்க வீட்டுப் பூட்டையும் சாவியையும் மட்டும் குடுத்தா."

"உங்க வீடு?"

"புருஷன் அடிச்சான், கிளம்பிட்டேன். ராத்திரியெல்லாம் பஸ்ஸுல சுத்துவேன். பகல்ல நூலகத்துல உக்காந்தபடியே தூங்குவேன். காலை நீட்டிப் படுக்குறது இங்க மட்டும்தான். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மாலின் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை, கூடியது.

"குடுத்து வச்சவங்க நீங்க," என்றாள்.

அந்தப் பெண் புரியாமல் விழித்தாள். மாலின் கதவைச் சாத்திவிட்டுக் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். கழுத்தில் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.

"எப்படிக் கிளம்புனீங்க? அதை மட்டும் சொல்லுங்க."