பிரிச்சுத் தை

"பிரிச்சுத் தை."

காலர் வைத்த சட்டை மறுபடியும் அவள் மடியில் வந்து விழுந்தது.

"அக்கா, தையல் நேராத்தானே இருக்கு..."

"எனக்கும் கண்ணு இருக்கு. பிரின்னா பிரி."

சூப்பர்வைசர் அக்கா அடுத்த மெஷினுக்குப் போய்விட்டாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்குக் கத்திரி என்று பேர். வாயைத் திறந்தால் வெட்டுத்தான்.

காலர் தைக்கிறவளுக்குப் பேர் பூச்சி. வாயில்லாப்பூச்சி என்று நீட்டிக் கூப்பிடத் தையல் லைனில் யாருக்கும் நேரமில்லை.

கம்பெனியில் ஆள் குறைக்கிறார்கள். தலைமை ஆபீஸிலிருந்து ரெண்டு பேர் வந்து மாடி அறையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

பக்கத்து மெஷின்காரி இப்போதுதான் மேலே போய்விட்டு வந்தாள். எந்நேரமும் ஏதாவது பாட்டை முணுமுணுக்கிறவள். இப்போது சாப்பாட்டுப் பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கேயோ பார்த்தபடி நின்றாள்.

"என்னக்கா கேட்டாங்க?" பூச்சி கிசுகிசுத்தாள்.

"எங்க கேட்டாங்க? நானாத்தான் வேலையை விடுறேன்னு எழுதுன்னாங்க. இல்லன்னா திருட்டுப் பட்டம் கட்டி அனுப்புவோம், வேற எங்கயும் சேர முடியாதுன்னாங்க. எழுதிக் குடுத்துட்டேன்டி. எப்படி எழுதினேன்னே தெரியல."

"யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கலாம்லக்கா?"

"நீ போய் அவங்க முன்னாடி உக்காந்து பாரு, தெரியும். அடுத்தது நீதான்."

பூச்சிக்கு வீட்டில் கால் உடைந்து கிடக்கிற புருஷன். இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. இந்தச் சம்பளத்தை விட்டால் வேறு போக்கில்லை. ஆனால் மேலே கூப்பிட்டால் தன்னால் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச முடியாது என்று அவளுக்கே தெரியும். பேனாவைக் கையில் கொடுத்தால் போதும், கதை முடிந்தது.

பியூன் படியிறங்கி வந்தார்.

"காலர் தைக்கிற பொண்ணை மேல வரச் சொல்றாங்க."

பூச்சி எழுந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?" கத்திரி ஒரு கட்டுச் சட்டையைக் கொண்டுவந்து மெஷின் மேல் போட்டாள். "இத்தனையும் கோணல். சட்டம் தெரியாதா உனக்கு?"

சட்டம் எல்லோருக்கும் தெரியும். மேனேஜர் போட்டது. சுவரில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. தப்புத் தையலைச் சரி பண்ணாமல் யாரும் மெஷினை விட்டு எழக்கூடாது. தண்ணீர் குடிக்கக்கூட.

பியூன் தலையைச் சொறிந்தார். "மேல என்னம்மா சொல்றது?"

"மேனேஜர் போட்ட சட்டத்தை மேனேஜர்கிட்டயே சொல்லுங்க."

பூச்சி உட்கார்ந்து பிரித்தாள். எந்தத் தையலும் கோணலாகத் தெரியவில்லை. கத்திரி வேண்டுமென்றே குற்றம் சேர்க்கிறாள். வேலை தெரியாதவள் என்று கூடவே ஒரு பட்டம் கட்டி மேலே அனுப்பத்தான் இத்தனையும்.

பின்மெஷினில் ரெண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"போற நேரத்துலயும் பிள்ளையைப் பிழியுறா பாரு."

"மேலிடத்துல நல்ல பேர் வாங்கணும்ல. யார் போனாலும் அவ மட்டும் அசையாம இருப்பா."

பியூன் மறுபடி வந்தார். கத்திரி மறுபடி ஒரு கட்டைப் போட்டாள். சாப்பாட்டு மணி அடித்தும் பூச்சி எழவில்லை. மாடிக் கதவு திறக்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் ஊசி விரலில் குத்தியது.

கடைசியில் மேனேஜரே படியில் நின்று எட்டிப் பார்த்தார். "இன்னும் முடியலையா?"

"இந்த லட்சணத்துல தைச்சா எங்க சார் முடியும்? நாளைக்கு ஏத்துற சரக்கு. திரும்பி வந்தா நீங்க பதில் சொல்றீங்களா?"

மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

சாயங்காலம் வாசலில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. தலைமை ஆபீஸ்காரர்கள் போய்விட்டார்கள். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள். லைன் காலியானது.

பூச்சிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை வந்துவிட்டது.

"நான் உங்களுக்கு என்னக்கா பாவம் பண்ணினேன்? ஒரேயடியா மேல அனுப்பியிருக்கலாமே. இப்படிக் கொல்லணுமா?"

கத்திரி அவள் கையிலிருந்த சட்டையை வாங்கி மடித்து வைத்தாள். முதல் தடவையாகக் குரல் இறங்கியது.

"ஒரு தையலும் கோணல் இல்ல. உன்னை மாதிரிக் காலர் வைக்க இங்க ஆள் இல்ல."

பூச்சி கண்ணைத் துடைக்கவும் மறந்து பார்த்தாள்.

"அந்த ரூமுக்குள்ள போனவ ஒருத்திகூட எழுதாம வெளிய வரல. நீ போயிருந்தா கேட்டதுக்கு மேலயே எழுதிக் குடுத்திருப்ப. நாளைக்கும் வருவாங்க. அதுக்குள்ள உனக்கு ஒரு ராத்திரி வாங்கிக் குடுத்திருக்கேன். வீட்டுக்காரர்கிட்ட பேசு."

"நாளைக்குக் கூப்பிட்டா என்னக்கா சொல்றது?"

"வீட்டுல கேட்டுச் சொல்றேன்னு சொல்லு. எது கேட்டாலும் அதையே சொல்லு. மிரட்டினா, சொல்றதை எழுத்துல குடுங்கன்னு கேளு. 'போ'ன்னு அவங்க எழுதட்டும், 'போறேன்'னு நீ எழுதாத. அவங்களா அனுப்பினா சேர வேண்டியதைக் குடுக்கச் சொல்லிக் கேக்கலாம். நீயா எழுதிட்டா என்னன்னு போய்க் கேப்ப? மத்தவளுங்களுக்கும் சொல்லி வை."

"எனக்கு எங்கக்கா அவ்வளவு வாய்? நீங்க பக்கத்துல நின்னா சொல்லிடுவேன். நாளைக்கு நீங்களும் கூட வாங்கக்கா."

கத்திரி தன் மேஜையிலிருந்த கண்ணாடியையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்கு எனக்கு இங்க வேலை இல்லடி. காலையில முதல் ஆளா என்னைத்தான் கூப்பிட்டு எழுதி வாங்கினாங்க. இன்னைக்கு மட்டும் லைனைப் பாத்துட்டுப் போன்னு சொன்னாங்க. என்னைப் போக விடாம பிடிச்சு வைக்க ஒருத்தரும் இல்லாமப் போச்சு."