பறவை மட்டும்

நான் பறவையைத்தான் எடுத்தேன். பறவையை மட்டும்தான்.

தேநீரை ஆற்றிக்கொண்டே டீச்சர் இதை மனதுக்குள் மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டாள். கூடத்தில் பின்வீட்டுக்காரர் இன்னும் உட்காரவில்லை. சுவரில் மாட்டியிருந்த நான்கு படங்களையும், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்காட்சிக்கு வந்தவர்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் டீச்சர், இது எங்க வீட்டுத் துணிக்கொடிதானே? கொடி தெரியுது, குருவி தெரியுது, வீட்டை மட்டும் காணோமே! நாங்க என்ன அவ்வளவு அசிங்கமாவா இருக்கோம்?"

"பின்னாடி இருக்கறதை வெட்டிருவேன் தம்பி. அப்பத்தான் குருவி எடுப்பாத் தெரியும்."

சொல்லும்போதே அவளுக்குக் காது மடல் சுட்டது.

அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்ற பிறகு, ஒரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. சமையலறை ஜன்னலில் கேமராவை நிறுத்தித் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மழையில் உடம்பை உப்பிக்கொண்டு கொடியில் நனைந்த தையல்சிட்டு. குளிருக்கு எங்கிருந்தோ வந்து புல்லில் ஓடிய வாலாட்டி. மாதுளை பூத்த நாட்களில் தேன்சிட்டு. கோடையில் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வாய் பிளந்து நின்ற சின்னான். ஒவ்வொரு படத்துக்கும் தேதியும் மணியும் குறித்து, பருவம் பருவமாகக் கணினியில் பிரித்து வைத்திருந்தாள். செய்முறை நோட்டு திருத்திய பழக்கம்.

மாதுளைக்குப் பின்னால் குட்டை மதில். மதிலுக்கு அப்பால் பின்வீட்டுச் சமையலறை ஜன்னல்.

"ஊருக்கெல்லாம் திரை தைச்சுத் தரேன், என் வீட்டு ஜன்னலுக்கு ஒண்ணு மாட்ட விட்டாளா என் பொண்டாட்டி?" என்றார் அவர். கடைத்தெருவில் திரைச்சீலைக் கடை வைத்திருப்பவர். "மகாராணிக்குக் குருவி மறைஞ்சிடுமாம். நேத்துத்தான் மாட்டினேன். உங்க ஜன்னலுக்கும் ஒண்ணு தரேன் டீச்சர், வெயில் எப்படி அடிக்குது பாருங்க. காசுன்னு வாயைத் திறக்கக் கூடாது."

தெருவில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். டீச்சர் வீட்டுக் குழாய் ஒழுகினால் கூப்பிடும் முன்னே வந்து நிற்பவர். அந்தத் தண்ணீர்த் தொட்டியைக்கூட மதிலோரம் தூக்கி வைத்துக் கொடுத்தது அவர்தான். 'தங்கமான மனுஷன்' என்று டீச்சரும் பலரிடம் சொல்லியிருக்கிறாள். பிறகு சொல்வதை நிறுத்திக்கொண்டாள். மறுத்துச் சொன்னதில்லை.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் தணிந்தது.

"பத்து நாளாச்சு டீச்சர், அம்மா வீட்ல போய் உக்காந்துட்டா. போன் எடுக்க மாட்டேங்கறா. என்ன கோபம்னே புரியல. சோறு தண்ணி இறங்கல எனக்கு."

கண்கள் கலங்கியிருந்தன. உண்மையாகவே கலங்கியிருந்தன. டீச்சர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்தத் தேன்சிட்டுப் படம் இருக்கே, அவளுக்கு அது உசுரு. பெருசா ஒண்ணு போட்டுக் கொடுங்க. கொடுத்தா மட்டும் போதாது, நீங்களும் என்கூட வரணும். 'தினம் உன் வீட்டைப் பார்த்துக்கிட்டுதானே இருக்கேன், உன் புருஷன்கிட்ட என்னடி குறை கண்டே?'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. மத்தவங்க சொல்றது வேற, நீங்க சொல்றது வேற. கிளம்பி வந்துடுவா."

கோப்பையை அவர் முன்னால் வைத்தாள். தேநீர் தட்டில் சிந்தியது.

பதினோரு நாட்களுக்கு முன் இதே நாற்காலியில் அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். அவளும் தேன்சிட்டுப் படத்தைத்தான் கேட்டாள். கணினியில் நெடுநேரம் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். வாய் ஓயாமல் முப்பது வருஷம் பாடம் நடத்திய டீச்சர் எழுந்து போய்ப் பென்டிரைவைத் தேடி எடுத்து வந்தாள்.

"நான் வரல தம்பி."

"முட்டி வலியா? ஆட்டோ வச்சுக்கலாம் டீச்சர். வாசல்ல ஏத்தி வாசல்ல இறக்கி விடறேன்."

"வலியெல்லாம் இல்ல. வரமாட்டேன்."

அவர் ஒரு கணம் விழித்தார். "சரி விடுங்க, படத்தையாவது கொடுங்க. நானே போய்க் கால்ல விழுந்துக்கறேன்."

"அதுவும் தர முடியாது."

"என்ன டீச்சர் நீங்க!" அவர் சிரித்தார். "ஒரு குருவிப் படத்துக்கா இவ்வளவு பிகு?"

"உங்க வீட்டம்மாகிட்ட ஏற்கெனவே இருக்கு. அது மட்டுமில்ல, ஒரு வருஷத்துப் படம் மொத்தமும் இருக்கு. தேதி, மணியோட." டீச்சர் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். "ஓரம் வெட்டாம கொடுத்திருக்கேன்."

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் கண்கள் சுவருக்குப் போயின. சட்டத்துக்குள் தேன்சிட்டு மாதுளைப் பூவில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் வாலுக்கு அப்பால், டீச்சர் வெட்டி எறிந்திருந்த ஓரத்தில் இருந்தது திரையில்லாத ஒரு ஜன்னல், மங்கலாக ஒரு பெண்ணின் தலைமுடி, அதைச் சுற்றிப் பிடித்து இழுக்கும் அவருடைய கை.

அவர் மனைவி அன்று கேட்ட கேள்வி இதுதான்: "இவ்வளவு நாளும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா, டீச்சர்?"