எட்டாம் அதிகாரத்தைப் படிக்காதீர்கள்

"இந்தப் புத்தகத்த மண்ணெண்ணெய் ஊத்திக் கொளுத்தணும்!"

மூன்றாம் வரிசையில் எழுந்து நின்ற ஒல்லி மனிதர் போட்ட சத்தத்தில் பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையே திரும்பிப் பார்த்தது. மேடையிலிருந்த செயலாளர் அம்புரோஸ் மட்டும், சிரிப்பை மறைக்கக் கைக்குட்டையை வாயில் வைத்து இருமினார். பின்னே? திட்டுவதற்கு ஆள் ஏற்பாடு செய்ததே அவர்தானே!

அது முப்பத்தாறாம் வருஷம். மதராஸிலிருந்து கப்பலில் வந்த புத்தகம் என்றால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜனங்கள், இங்கே சிலாங்கூரில் ஒருவன் எழுதினான் என்றால் "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார்கள். ரயில்வே கிளார்க்கான அம்புரோஸுக்கு இது பொறுக்கவில்லை. சொந்தக் காசில் புத்தகம் போட்ட உள்ளூர்க்காரர்களுக்காக மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஆரம்பித்தார். முதல் இரண்டு கூட்டமும் படுதோல்வி.

வாசகசாலைத் தலைவர் ஜவுளிக்கடை நஜ்முதீன் கறாராகச் சொல்லிவிட்டார். "இந்தத் தடவையும் புத்தகம் போகலன்னா கூட்டத்த நிறுத்திருவோம் அம்புரோஸ். ஞாயித்துக்கிழம காரம் போர்டு போட்டாலாச்சும் நாலு பேரு வருவாங்க."

இந்த மாதத்து எழுத்தாளரோ அதற்கு மேல். தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஏதோ ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலையாம். புனைபெயர் 'பால்மரக் கிறுக்கன்'. "நாவலை அச்சகத்தார் நேரே அனுப்பிவைப்பார்கள். கூட்டத்தைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், ஆகவே நான் வருவதற்கில்லை" என்று கடிதம் போட்டுவிட்டார். மாப்பிள்ளை வராத கல்யாணத்தை அம்புரோஸ் ஒற்றை ஆளாக நடத்தவேண்டியிருந்தது.

அதனால்தான் அந்த யோசனை. நல்ல புத்தகம் என்று சொன்னால் நம் ஆட்கள் கொட்டாவி விடுவார்கள். கெட்ட புத்தகம் என்று யாராவது கத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்! கிள்ளான் நாடகக் குழுவில் கோபக்கார மாமனார் வேஷம் கட்டும் ரெங்கசாமியை, முகம்கூடப் பார்க்காமல் மைத்துனர் மூலம் பேசி முடித்தார். மூன்றே வரி வசனத்தை எழுதித் தபாலில் சேர்த்தார்.

காலை ரயிலில் வந்திறங்கிய புத்தகக் கட்டு, சணல்கூட அவிழ்க்கப்படாமல் மேஜைமேல் கிடந்தது. 'பவளவல்லி அல்லது கங்காணி மகள் கண்ணீர்'. அம்புரோஸ் அரை மணி நேரம் புகழ்ந்தார். பாதிப் பேர் கதவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அந்த மனிதர் எழுந்தார்.

"எட்டாம் அதிகாரத்துல என்னா நடக்குது தெரியுமா? கங்காணி மக ரப்பர்ப்பால் வாளிய எத்தி விட்டுட்டு, 'எனக்கு மாப்பிள்ளைய நானே பாத்துக்கிறேன்'னு அப்பன் மொகத்துக்கு நேரா சொல்றா! அடுத்த பக்கத்துல ரயிலேறிடுறா!"

"தனியாவா?" என்று உர்சுலா டீச்சர் கேட்டார்.

"அதச் சபையில சொல்ல என் வாய் கூசுது! வயசுப் பொண்ணுங்க இருக்குற வீட்டுக்குள்ள இது நொழையக் கூடாது. முக்கியமா அந்த எட்டாம் அதிகாரம்!"

அம்புரோஸுக்குப் புல்லரித்தது. தான் எழுதிக் கொடுத்த மூன்று வரி எங்கே, இந்த வெளுத்துக்கட்டல் எங்கே! கலைஞன் என்றால் இவனல்லவா கலைஞன்!

"புடிக்கலன்னா படிக்காம போங்க!" என்று தன் பங்குக்கு அவரும் ஒரு அதட்டல் போட்டார்.

அவ்வளவுதான். உர்சுலா டீச்சர் முதல் ஆளாக மேஜைக்கு ஓடினார். சணலை அவிழ்க்கக்கூட விடாமல் ஜனம் மொய்த்தது. "எனக்கு ஒண்ணு! என் தங்கச்சிக்கு ஒண்ணு!" கால் மணி நேரத்தில் மேஜை துடைத்துவிட்டாற்போல் ஆனது. வாங்கியவர்கள் நின்ற இடத்திலேயே எட்டாம் அதிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நஜ்முதீன் தாடியைத் தடவியபடி வந்தார். "அடுத்த மாசமும் நடத்துங்க லா! திட்டுறதுக்கு மட்டும் மறக்காம யாராச்சும் வரட்டும்."

அம்புரோஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாசலில் தனியாக நின்ற ஒல்லி மனிதரிடம் ஓடி, இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம்ணே! என் மானத்தக் காப்பாத்திட்டீங்க!"

மனிதர் திருதிருவென்று விழித்தார்.

அதே நேரம், உதட்டுமேல் பெரிய பொய்மீசை ஒட்டிய ஒருவர் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். "அம்புரோஸ் சார் யாருங்க? நான் ரெங்கசாமி. மன்னிச்சுக்குங்க, கிள்ளான் ரயில் கோச்சி லேட்டு. நான் எப்ப எந்திரிச்சுத் திட்டணும்?"

அம்புரோஸின் கை தானாக நழுவியது. நிஜமாகவே கோபம் வந்த யாரோ ஒருவரைச் சபையில் வைத்து அதட்டியிருக்கிறோமே! நாளைக்கே பத்திரிகைக்கு எழுதிப்போட்டால், கூட்டத்தை இழுத்து மூடவேண்டியதுதான்.

"ஐயா... அப்ப நீங்க உள்ளபடிக்கே திட்டுனீங்களா? அந்தப் புத்தகத்து மேல அவ்வளவு கோவமா?"

மனிதர் உள்ளே எட்டி, காலியான மேஜையை ஆசை தீரப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்:

"நான் எழுதுனத நானே எப்படிங்க புகழுறது?"