ஸ்பீக்கர் பெட்டிக்குள் கடுகு

நேற்றைய இடிக்கு மரத்தூளுக்குள் புதைந்துகொண்ட ஹாம்ஸ்டர் எலி கடுகு, இன்று மாலை வானம் மறுபடி உறுமும்வரை ஒரு விதையைக்கூடத் தொடவில்லை.

"செத்துருமாப்பா?" மகள் ஜெனிட்டா அழுதாள்.

மைக்செட் மரியசெல்வம் கையைப் பிசைந்தார். கோயில் கொடைக்குக் கொடை ஊர்க் காதைக் கிழித்தே பிழைப்பவருக்குச் சத்தத்தைக் குறைக்கும் வித்தை ஏது?

"ஊரையே அலறவிட்ட மனுசன், ஒரு எலிக்குஞ்ச தேத்தத் தெரியல" என்றாள் மனைவி.

அவர் எழுந்து போய், பெரிய பெட்டி ஒன்றிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றினார். உள்ளே சுற்றிலும் பஞ்சு. கூண்டை அதற்குள் வைத்து, காற்றுக்கு இடம்விட்டுக் கம்பளியைத் தொங்கவிட்டார்.

இடி இடித்தது. மூவரும் பெட்டியில் காதை வைத்துக் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து, அந்தப் பெட்டி அதுவரை போட்டதிலேயே மிகச் சிறிய சத்தம் வந்தது. கறுக், கறுக்.

"ஏங்க," மனைவி கிசுகிசுத்தாள், "கொஞ்சம் கூட்டி வைக்க முடியாதா?"